கச்சேரிக் குரலும் சினிமாக் குரலும்

கர்நாடக சங்கீதம் முறையாகப் படித்த ஒருவர் சினிமாவில் பாடிவிட்டால் நம்மவர்கள் அவரைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். "குரலைக் கெடுத்துக் கொண்டார்" என்பார்கள் ஒரு சாரார். "அந்தப் பாட்டுக்கே அவரால்தான் கௌரவம் வந்தது" என்பார்கள் இன்னொரு சாரார். இரண்டு பேச்சுக்கும் அடியில் ஓடுவது ஒரே எண்ணம்தான். கச்சேரி மேடை மேட்டில் இருக்கிறது, சினிமாக் கொட்டகை பள்ளத்தில் இருக்கிறது, பாடகர் பள்ளத்தில் விழுந்தார் அல்லது பள்ளத்தைக் கொஞ்சம் மேடாக்கினார் என்ற எண்ணம். எம். எல். வசந்தகுமாரியின் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, இந்த மேடு பள்ளக் கணக்கு எனக்குப் போதவில்லை. அவர் செய்த காரியம் வேறு என்று தோன்றுகிறது.

நான் அவரை மேடையில் கேட்டவன் அல்ல. 1990-ஆம் ஆண்டு அக்டோபர் கடைசியில் அவர் காலமானபோது நான் சிறு பையன். ரேடியோவிலும், இசைத்தட்டிலும், ஒலிநாடாவிலும் கேட்டதுதான் என் கைமுதல். சங்கீத இலக்கணம் படித்தவனும் அல்ல, கதை எழுதுகிறவன். ஒரு குரலைக் கேட்டவுடன், இது யாருடைய குரல், யாருக்காகப் பேசுகிறது என்று யோசிப்பது கதை எழுதுகிறவனின் தொழில் வழக்கம். அந்த வழக்கத்தோடுதான் இந்தப் பாட்டுகளையும் கேட்டேன்.

வசந்தகுமாரி 1928-ல் பிறந்தார். தாயார் லலிதாங்கி, தகப்பனார் கூத்தனூர் அய்யாசாமி ஐயர் இருவருமே சங்கீதக்காரர்கள். புரந்தரதாசரின் பாடல்கள் தாய் வழியில் வந்த சொத்து. சிறு பெண்ணாக இருந்தபோதே அவர் பாட்டைக் கேட்டு, ஜி. என். பாலசுப்பிரமணியம் சிஷ்யையாக ஏற்றுக் கொண்டார். குருவின் வேகமும் பிருகாவும் சிஷ்யையின் தொண்டையில் வந்து உட்கார்ந்தன. அபூர்வமான ராகங்களை எடுத்து வைத்துக்கொண்டு பயமில்லாமல் விஸ்தாரம் செய்யும் துணிச்சலும் கூடவே வந்தது. இப்படிப்பட்ட குரல், 1948-ல் வெளிவந்த 'ராஜமுக்தி' படத்தின் மூலம் சினிமாவுக்குள் நுழைந்தது.

இதில் என்ன புதுமை, வித்வான்கள் அதற்கு முன்பே சினிமாவுக்குப் போகவில்லையா என்று கேட்கலாம். போனார்கள். மகாராஜபுரம் விசுவநாதய்யர் 1935-ல் நந்தனார் கதையில் வேதியராக வந்தார். முசிரி சுப்பிரமணிய ஐயர் 1938-ல் துக்காராம் ஆனார். ஜி. என். பி.யே 1940-ல் எம். எஸ். சுப்புலட்சுமியோடு 'சகுந்தலை'யில் துஷ்யந்தனாக நடித்தார். தண்டபாணி தேசிகர் 1942-ல் நந்தனாராக நின்று பாடினார். ஆனால் இவர்கள் எல்லாரும் சினிமாவுக்குள் உடம்போடு போனவர்கள். திரையில் துக்காராம் பாடினாலும், ஜனங்கள் பார்த்ததும் கேட்டதும் முசிரியைத்தான். கச்சேரியே வேஷம் கட்டிக் கொண்டு கொட்டகைக்கு வந்த மாதிரி. பேர் அவர்களுடையது, முகம் அவர்களுடையது, கைதட்டலும் அவர்களுக்கே.

வசந்தகுமாரி போனபோது காலம் மாறிவிட்டது. பின்னணிப் பாட்டு வேரூன்றிக் கொண்டிருந்தது. குரலை மட்டும் கேட்டார்கள். முகத்துக்கு வேறு ஆள் இருந்தார். கச்சேரியில் பாடுகிறவருக்கு நேரம் சொந்தம். ஒரு ராகத்தில் அரை மணி நிற்கலாம், மனம் இல்லையென்றால் ஐந்து நிமிஷத்தில் நகரலாம். சினிமாவில் நேரம் இசைத்தட்டுக்குச் சொந்தம். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம், அதற்குமேல் ஒரு சங்கதிக்கும் இடமில்லை. மெட்டு மற்றொருவருடையது, வார்த்தை மற்றொருவருடையது, உதடு மற்றொருத்தியுடையது. இத்தனையையும் விட்டுக் கொடுத்த பிறகு பாடகிக்கு மிச்சம் என்ன என்பதுதான் இங்கே கேள்வி.

1951-ஆம் வருஷத்தை எடுத்துக் கொள்வோம். அந்த வருஷம் ஏவி. எம். தயாரித்த 'ஓர் இரவு' வெளிவந்தது, அண்ணாதுரையின் கதை. அதில் 'அய்யா சாமி' என்று தொடங்கும் குறத்தி ஆட்டப் பாட்டை வசந்தகுமாரி பாடியிருக்கிறார். அந்த மெட்டின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1945-ல் ஒரு ஹாலிவுட் படத்தில் லத்தீன் அமெரிக்கத் தாளத்தில் பிறந்து, 1950-ல் 'சமாதி' என்ற ஹிந்திப் படத்தில் சி. ராமச்சந்திராவின் கையில் ஹிந்தி பேசி, அடுத்த வருஷம் சென்னைக்கு வந்து குறத்தி வேஷம் போட்டுக் கொண்டது. ஜி. என். பி.யின் சிஷ்யைக்கு இந்த மெட்டில் செய்வதற்கு என்ன இருக்கிறது? ராகம் இல்லை, கமகத்துக்கு இடம் இல்லை, பிருகா போட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

அவர் என்ன செய்தார் என்பதைக் கவனித்துக் கேட்க வேண்டும். தமக்குத் தெரிந்ததில் முக்கால் பங்கைப் பேசாமல் வெளியே வைத்துவிட்டார். மிச்சமிருந்த கால் பங்கு சுருதி சுத்தமும், தாளத்தின் மேல் உட்காரும் நிதானமும், வார்த்தையை வார்த்தையாகச் சொல்லும் தெளிவும்தான். குரலில் ஒரு குறும்பு ஏறியிருக்கிறது, ஆனால் "நான் யார் தெரியுமா?" என்ற மிதப்பு எங்கேயும் இல்லை. பெரிய வித்வான்கள் சின்னப் பாட்டைப் பாடும்போது, தம் பெருமையை ஞாபகப்படுத்த நடுவில் ஒரு கனமான சங்கதியைப் போட்டு வைப்பார்கள். வசந்தகுமாரி அதைச் செய்யவில்லை. குறத்தியைக் குறத்தியாகவே ஆட விட்டார்.

அதே 1951-ல் என். எஸ். கிருஷ்ணனின் 'மணமகள்' வந்தது. சி. ஆர். சுப்பராமன் இசை. பாரதியாரின் 'சின்னஞ்சிறு கிளியே' பாட்டை அவர் ராகமாலிகையாக அமைக்க, வசந்தகுமாரியும் வி. என். சுந்தரமும் பாடினார்கள். இங்கே நிலைமை வேறு. ராகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வித்தை காட்ட வேண்டுமென்றால் வாசல் திறந்தே கிடக்கிறது. ஆனாலும் குழந்தையைக் கொஞ்சுகிற ஒருத்தியின் பாட்டு என்பதை அவர் மறக்கவில்லை. ராகம் மாறுவது தெரிகிறது, ஆள் மாறவில்லை. பிற்பாடு இந்தப் பாட்டை அவர் கச்சேரி மேடையிலும் பாடி, சபைக்காரர்களுக்கும் அது சொந்தமாகிவிட்டது. சபையிலிருந்து சினிமாவுக்குப் போன உருப்படிகள் எத்தனையோ உண்டு. சினிமாவிலிருந்து சபைக்கு வந்து, பந்தியில் சமமாக உட்கார்ந்தவை சொற்பம்.

கதை எழுதும்போது எனக்கு நித்தியம் வருகிற சங்கடம் ஒன்று உண்டு. காய்கறிக்காரி பேச வேண்டிய இடத்தில் ஆசிரியர் பேசிவிடுவார். வாக்கியம் அழகாகத்தான் இருக்கும். காய்கறிக்காரி செத்துப் போவாள். எழுதத் தெரிந்தவன் அந்த இடத்தில் தன் அழகான வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். கச்சேரியிலிருந்து சினிமாவுக்குப் போகிறவர்களுக்கும் இதே சோதனைதான். கச்சேரியில் பாடகி தாமாகப் பாடுகிறார். சினிமாவில் இன்னொருத்தியாகப் பாட வேண்டும். வசந்தகுமாரி இந்த வித்தியாசத்தை அறிந்தவர் என்பதுதான் என் கட்சி.

எல்லாப் பாட்டிலும் இப்படித்தான் என்று சாதிக்க மாட்டேன். 1956-ல் வந்த 'மதுரை வீரன்' படத்தின் 'ஆடல் காணீரோ' பாட்டைச் சொல்ல வேண்டும். ஜி. ராமநாதன் இசை, சாருகேசி ராகம். 1944-ல் 'ஹரிதாஸ்' படத்தில் பாகவதர் பாடிய பாட்டினால் தெருவெல்லாம் பரவிய ராகம்.  'ஆடல் காணீரோ'வைத் தனியாகக் கேட்டால் விருந்து. ஆனால் கதைக்குள் வைத்துக் கேட்டால், ஆடுகிற பெண்ணைவிடப் பாடுகிற பெண் பெரியவளாகத் தெரிகிறாள். 1960-ல் 'ராஜா தேசிங்கு' படத்தில் பாடிய 'பாற்கடல் அலைமேலே'யும் அப்படித்தான். பத்து அவதாரங்களையும் ராகமாலிகையில் சொல்லும் அந்தப் பாட்டு, படத்துக்குள் வந்து போன ஒரு கச்சேரி உருப்படி. அதனால்தான் படத்தை மறந்தவர்கள்கூட அந்தப் பாட்டை நாட்டிய மேடையில் இன்றும் பார்க்கிறார்கள். பாட்டுக்கு அது லாபம். சினிமாப் பாட்டு என்ற கணக்கில் பார்த்தால், 'அய்யா சாமி'யில் இருந்த அடக்கம் இங்கே தளர்ந்திருக்கிறது என்றே சொல்வேன்.

அந்தக் காலத்துச் சர்க்காரும் இந்த இரண்டு குரலையும் பிரித்து வைக்கப் பார்த்தது. 1952-ல் மந்திரி கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைக்கத் தொடங்கினார். நம் ஜனங்கள் ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிக் கொண்டார்கள். ஆகவே சென்னை நிலையத்தில் கீர்த்தனை பாடிய வசந்தகுமாரியை, கடல் கடந்து வந்த அலையில் சினிமாப் பாட்டுக்காரியாகக் கேட்டார்கள். கேட்ட வீடு ஒன்று, ரேடியோப் பெட்டி ஒன்று, குரலும் ஒன்று. 1957-ல் விவித பாரதி தொடங்கியபோது சர்க்காரே விட்டுக் கொடுத்துவிட்டது.

அறுபதுகளுக்குள் அவருடைய சினிமாப் பாட்டுகள் குறைந்து போயின. "நல்ல வேளை, சுத்த சங்கீதத்துக்குத் திரும்பி வந்தார்" என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். கச்சேரியை விட்டு அவர் போனதே இல்லையே, திரும்பி வருவதற்கு? நடந்தது வேறு. அவருக்காக மெட்டமைக்கத் தெரிந்தவர்கள் போய்விட்டார்கள். சுப்பராமன் 1952-லேயே இளம் வயதில் மறைந்தார். ராமநாதன் 1963-ல் மறைந்தார். ஐம்பதுகளின் நடுவிலேயே பி. சுசீலாவின் குரல் எழுந்துவிட்டது. மைக்குக்கென்றே பிறந்தது போன்ற குரல் அது. கதாநாயகியின் முகத்தோடு தையல் தெரியாமல் ஒட்டிக் கொண்டது. ராகத்தில் காலூன்றி நின்ற சினிமாப் பாட்டு மெல்ல இடம் பெயர்ந்தது. வசந்தகுமாரி கரையேறி வரவில்லை. ஆறுதான் திசை மாறிப் போயிற்று.

பிறகு கௌரவங்கள் வந்தன. 1967-ல் பத்மபூஷண், 1977-ல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் பல்லவி பாடிய பெருமையையும், புரந்தரதாசர் பாடல்களைப் பரப்பிய தொண்டையும், சுதா ரகுநாதன் போன்ற சிஷ்யர்களை உருவாக்கியதையும் விரிவாகச் சொல்லிவிட்டு, சினிமாவை ஒரே வரியில் கடந்து போகிறார்கள். ஏதோ வீட்டில் நடந்த அசம்பாவிதத்தை வெளியாரிடம் சொல்லக் கூசுவது போல. இதே சினிமாவில் அவருடைய குரு நடித்ததைச் சொல்லும்போது அந்தக் கூச்சம் இல்லை. அழகான துஷ்யந்தன் என்று மகிழ்ந்து சொல்கிறார்கள். ஆண் வித்வான் போனால் உல்லாசம், பெண் போனால் சறுக்கல் என்ற கணக்கு எந்த சாஸ்திரத்தில் இருக்கிறதோ தெரியவில்லை.

இந்த மௌனத்தினால் நஷ்டம் நமக்குத்தான். மார்கழி மாதத்து விடியற்காலையில் எத்தனையோ வீடுகளில் வசந்தகுமாரியின் திருப்பாவை ஒலிக்கிறது. மெட்டுகள் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்தவை. முப்பது பாசுரங்கள், ஒவ்வொன்றும் சில நிமிஷம். அதில் ஜி. என். பி. பாணியின் மின்னல் எதுவும் பளிச்சென்று முன்னால் வராது. வார்த்தை தெளிவாக விழும். ராகம் முதல் அடியிலேயே முகம் காட்டும். பாடுகிறவர் ஒதுங்கி நின்று ஆண்டாளைப் பேச விடுவார். பாசுரத்துக்கு உரிய பக்தியே இந்த அடக்கத்துக்குக் காரணம் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் வேகமே பிறவிக் குணமாக அமைந்த ஒரு குரல், மூன்று நிமிஷத்துக்குள் இன்னொரு பெண்ணுக்கு இடம் விட்டுப் பாடுவதை எங்கே பயின்றிருக்க முடியும்? பத்துப் பன்னிரண்டு வருஷம் அந்தப் பயிற்சி நடந்த இடம் சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்கள்தான். சினிமாப் பாட்டு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்று சொல்கிற ஆசாரமான குடும்பங்களும், மார்கழி முப்பது நாளும் அந்தப் பயிற்சியின் பலனைத்தான் விளக்கேற்றி வைத்துக் கேட்டுக் கொண்டிருக்கின்றன.