யாரையும் விலக்காத தண்ணீர்

‘போலி இயற்கை’ என்று முகம் சுளிப்பது சுலபம். கதீட்ரல் சாலையில் 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவின் செயற்கை அருவியைப் பார்த்துவிட்டு மயிலாப்பூர் நண்பர் ஒருவர் அப்படித்தான் அலுத்துக்கொண்டார். “அசல் இயற்கை எங்கே இருக்கு?” அசல் யாருக்குக் கிடைத்தது என்று திருப்பிக் கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

இந்தப் ‘போலி’யின் முற்றிய வடிவம் டோக்கியோவில் இருக்கிறது. 2001இல் உருவான டீம்லேப் கலைக்குழு 2018இல் திறந்த ‘பார்டர்லெஸ்’ காட்சியகம். 2024 பிப்ரவரியிலிருந்து அசபுடாய் ஹில்ஸில் நடக்கிறது. நான் போனதில்லை. உடம்போடு உள்ளே நின்று பார்க்கவேண்டிய கலையைக் கைபேசியில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதையும் சொல்லிவிட வேண்டும். சுவர், தரை எங்கும் புரொஜக்டர் ஒளி. ஒளியருவி பாறைமேல் விழுகிறது. ஆள் குறுக்கே நின்றால் அவரையும் பாறையாகக் கொண்டு வளைந்து ஓடுகிறது. அசையாமல் நின்றால் பூக்கள் மலர்கின்றன, தொட்டால் உதிர்கின்றன. இதே குழுவின் இன்னொரு படைப்பில் பிள்ளைகள் காகிதத்தில் வரைந்த மீன், ஸ்கேன் ஆகிச் சுவரில் நீந்துகிறது. தொட்டால் ஓடிப்போகிறது.

அருங்காட்சியகம் ‘தொடாதே’ என்று பலகை வைக்கும். இங்கே தொட்டால்தான் கலையே. அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சின்ன விஷயமில்லே. எங்க ஆயா ஊர்க் கிணத்துக்கு எட்ட நின்னு, மேலேர்ந்து ஊத்துனதைக் கையேந்திக் குடிச்சவ. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மகத் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். பின்னால் வந்தவர்களுக்கு அடி விழுந்தது, குளத்தில் சாணமும் கோமியமும் கொட்டித் தீட்டுக் கழித்தார்கள். அசல் தண்ணீரின் லட்சணம் இதுவென்றால், ஆள் பார்க்காத ஒளித்தண்ணீரை நான் ஏன் ஏளனம் செய்யணும்?

என் சண்டை வேறு. அந்தத் தண்ணீரை யாரும் சுமப்பதில்லை, அதில் யாரும் துணி துவைப்பதில்லை, அது யார் வீட்டிலும் புகுவதில்லை. தண்ணீரை எடுத்துவிட்ட பிறகு வந்த சமத்துவம் அது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பலவற்றைப் பெரும்பாக்கத்துக்குத் தள்ளினார்கள். ஆற்றோடு வாழ்ந்தவர்களை அனுப்பிவிட்டு நகரம் இப்போது அருவி கட்டி விளையாடுகிறது.

பெரும்பாக்கத்திலிருந்து வந்த அக்கா மகனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். எனக்கு 100 ரூபாய், அவனுக்கு 50. சாரல் முகத்தில் பட்டதும் துடைத்துக்கொண்டே கேட்டான்:

“சித்தி, இது நெஜத் தண்ணியா?”