தடுக்கத் தெரிந்த மேற்பார்வையாளர்: முடிவுறு தானியங்கிகளும் ஆலைக் கட்டுப்பாடும் – ஒரு திறனாய்வு

உற்பத்தி முறைமைகளின் மேற்பார்வைக் கட்டுப்பாடு என்பது, ஓர் ஆலையில் நடப்பவற்றைத் தனித்தனி நிகழ்வுகளாகப் பிரித்து, எதை எப்போது அனுமதிக்கலாம், எதைத் தடுக்க வேண்டும் எனக் கணித முறையில் முடிவு செய்யும் கோட்பாடு ஆகும். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் முர்ரே வோன்ஹாமும் அவருடைய மாணவர் பீட்டர் ராமட்ஜும் 1980களில் இதை உருவாக்கினர். அவர்களின் அடிப்படைக் கட்டுரை 1987இல் வெளிவந்தது. இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார மாணவர்களுக்கு இது அந்நியமான பொருள் அன்று. 1936இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் முதலாக, நூற்பாலைகள் இப்பகுதியின் அன்றாட வாழ்வோடு கலந்தவை. ஆலைக்குள் போய்வந்த ஒருவர் வீட்டில் இருந்தால், இக்கோட்பாட்டின் பாதியை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஓர் எந்திரத்தை மூன்று நிலைகளில் காண்போம்: சும்மா இருப்பது, ஓடுவது, பழுதாகி நிற்பது. 'தொடங்கு', 'முடிந்தது', 'பழுது', 'சரியானது' என்னும் நிகழ்வுகள் அதை ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்கின்றன. எண்ணி முடிக்கக்கூடிய நிலைகள் கொண்ட இத்தகைய மாதிரியே முடிவுறு தானியங்கி. இனி, கார்டிங் எந்திரம் நிரப்பும் கேனை ட்ரா ஃப்ரேம் எடுத்துக்கொள்கிறது, இடையில் ஒரு கேன் வைக்க மட்டுமே இடம் என்று கொள்வோம். (உண்மையில் ட்ரா ஃப்ரேமுக்கு ஆறு அல்லது எட்டு கேன்கள் ஒருசேரப் போகும். கணக்கு எளிதாக ஒன்று போதும்.) அந்த இடத்தில் ஏற்கெனவே ஒரு கேன் இருக்கும்போது கார்டிங் இன்னொன்றை நிரப்பித் தள்ளக் கூடாது. இதுவே நம் நிபந்தனை.

ராமட்ஜும் வோன்ஹாமும் செய்த அருமையான காரியம் இங்கேதான் இருக்கிறது. நிகழ்வுகளை அவர்கள் இரண்டாகப் பிரித்தனர். 'தொடங்கு', 'சரியானது' ஆகியவை நாம் தடுக்கக்கூடியவை. 'முடிந்தது', 'பழுது' ஆகியவை தடுக்க முடியாதவை. ஓடத் தொடங்கிவிட்ட எந்திரத்திடம் "வேலையை முடிக்காதே" என்று சொல்ல வழியில்லை. ஆகவே, கேன் வைக்க இடம் காலியாக இல்லாதபோது கார்டிங்கின் தொடக்கத்தையே தடுக்க வேண்டும். தடுக்க முடியாத ஒன்று நம்மை எல்லை மீற வைக்கும் என்றால், அதற்கு முந்திய படியிலேயே கதவைச் சாத்து என்பதே இதன் பொருள். நிபந்தனையை மீறாமல் கூடுமானவரை அதிக சுதந்திரம் தரும் மேற்பார்வையாளரைக் கணக்கிட்டே எடுத்துவிடலாம் என்றும் அவர்கள் நிறுவினர். அனுபவத்தால் மட்டுமே சொல்லப்பட்டு வந்த ஒன்றுக்கு நிரூபணம் கிடைத்தது சிறிய சாதனை அன்று.

குறை எங்கே? இந்த மேற்பார்வையாளர் தடுப்பார். எதையும் செய்ய வைக்க மாட்டார். ஆசிரியப் பணியில் இருந்த எனக்கு இது பழகிய நிலைதான். வகுப்பை விட்டு வெளியே போகாதே என்று மாணவனைத் தடுக்கலாம், பாடத்தைக் கவனிக்க வைப்பது வேறு வேலை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக் கடைக்கு வாருங்கள். 'அடுப்பேற்று', 'இறக்கு' ஆகியவை தடுக்கக்கூடியவை. 'பதம் வந்தது' நம் கையில் இல்லை. பதம் வருமுன் இறக்கக் கூடாது என்று நிபந்தனை எழுதினால், கோட்பாடு மிக அழகாக ஒரு மேற்பார்வையாளரைத் தரும். பதம் வந்தவுடன் அவர் "இனி இறக்கலாம்" என்று அனுமதி கொடுப்பார். அவ்வளவுதான். கிண்டுபவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் கோவா அடிப்பிடிக்கும். தானியங்கியின் கணக்கில் எந்த விதியும் மீறப்பட்டிருக்காது! அதில் காலமே இல்லை, எதற்குப் பின் எது என்னும் வரிசை மட்டுமே உண்டு. இக்குறையை வோன்ஹாம் உணராமல் இல்லை. 1994இல் பிராண்டினும் அவரும் எழுதிய கட்டுரையில் கடிகாரத்தின் 'டிக்' ஒரு நிகழ்வாகச் சேர்க்கப்பட்டது. அடுத்த டிக்கிற்கு முன் நடத்தியே தீர வேண்டியவை என்று ஒரு வகையும் வந்தது. பால்கோவாவுக்குப் பொருந்துவது இந்த மாதிரிதான்.

'முட்டி நிற்காமை' என்று தமிழில் சொல்லத்தக்க இன்னொரு கருத்தையும் மாணவர்கள் அடிக்கடி தவறாகப் படிக்கின்றனர். எந்த நிலையிலிருந்தும் வேலை முடியும் நிலைக்கு ஒரு வழி உண்டு என்பதே அதன் உறுதி. அந்த வழியில் ஆலை போய்ச்சேரும் என்று அது சொல்லவில்லை. பழுதான எந்திரத்திலிருந்து 'சரியானது' என்று ஓர் அம்புக்குறி போட்டுவிட்டால் தாளில் வழி திறந்துவிடும். ஃபிட்டர் அந்த ஷிஃப்ட்டில் இருக்கிறாரா, உதிரிப்பாகம் இருக்கிறதா என்று அம்புக்குறி கேட்பதில்லை. பாடநூலின் புகழ்பெற்ற இரு எந்திர எடுத்துக்காட்டில், இரண்டும் பழுதானால் இரண்டாவதை முதலில் சரிசெய்க என்று ஒரு விதி உண்டு. அந்த வேலையைச் செய்யும் ஆள் மாதிரியில் எங்கும் இல்லை.

எது தடுக்க முடியாதது என்று பெயரிடுவதும் கோட்பாட்டுக்கு வெளியே நடக்கிறது. ரிங் ஃப்ரேமில் இழை அறுவதை அந்தக் கணத்தில் தடுக்க முடியாது, உண்மை. ஆனால் கூடத்தின் ஈரப்பதத்தைச் சரியாக வைத்தால் அறுப்பு குறையும் என்பது ஒவ்வொரு சைடருக்கும் தெரியும். தானியங்கிக்கு 'அறலாம்' என்பது மட்டுமே தெரியும், எத்தனை முறை என்பது தெரியாது. மின்வெட்டும் அப்படியே. 2012ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை இம்மாதிரியில் எழுதினால், நேரம் சொல்லி நிறுத்தப்படும் மின்சாரமும் சொல்லாமல் போகும் மின்சாரமும் ஒரே நிகழ்வாகிவிடும். ஆலைக்கு இரண்டும் ஒன்றல்ல.

நிலைகளின் பெருக்கம் எல்லா நூல்களும் சொல்லும் குறை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று நிலை எந்திரங்கள் இரண்டுக்கு 9 கூட்டுநிலைகள், பத்துக்கு 59,049. இருபதுக்கு 348 கோடியைத் தாண்டும். பகுதி பகுதியாகப் பிரித்துக் கணக்கிடும் முறைகள் வந்துவிட்டன. ஆகவே இதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை.

திட்டப்பணி அறிக்கைகளில் "இந்த ஆலை பிழையின்றி இயங்கும் என நிரூபிக்கப்பட்டது" என்று எழுதுவதே எனக்கு உறுத்துகிறது. நிரூபிக்கப்பட்டது, எழுதிய நிபந்தனை மீறப்படாது என்பது மட்டுமே. அதுவும் மாதிரி சரியாக இருந்தால். நிகழ்வுகளின் பட்டியலுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றும் ஏன் தடுக்கக்கூடியது அல்லது தடுக்க முடியாதது எனக் கருதப்பட்டது, அதை நடத்துபவர் யார் என்று இரண்டு பத்திகள் கூடுதலாகச் சேர்த்தால் அறிக்கை நான்கு பக்கம் நீளும். அந்த நான்கு பக்கங்களை எழுத, மாணவர் ஒரு ஷிஃப்ட் முழுவதும் ஆலையில் நிற்க வேண்டியிருக்கும்.