தவணையின் உண்மை வட்டி

படுவான்கரையிலுள்ள வெல்லாவெளியில் பெரும்போக நெல்லை வெட்டி விற்றால்தான் கையில் காசு புரளும். கடன் தவணை அதுவரை காத்திராது. படுவான்கரை விவசாயிக்கு விரிதாளின் நிதிச் சார்புகளைவிடப் பயனுள்ள கணக்குக் கருவி வேறில்லை என்பேன்.

ஒரு லட்சம் ரூபா கடன், 12 மாதம், முழுத் தொகைக்கும் 12 வீத வட்டி. மாதத் தவணை 9,333 ரூபா. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். இதே எண்களை ‘ரேட்’ சார்பிடம் கொடுத்து, வரும் விடையை 12ஆல் பெருக்குங்கள்: ஆண்டுக்கு ஏறக்குறைய 21.5 வீதம்! மாதாமாதம் முதல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி மட்டும் குறையாததால் வரும் வித்தியாசம் இது. மீதிக்கு மட்டும் வட்டி என்றால் ‘பிஎம்டி’ காட்டும் தவணை 8,885 ரூபாதான். அதில் வட்டிப் பங்கை ‘ஐபிஎம்டி’ பிரித்துத் தரும்: முதல் மாதம் 1,000 ரூபா, கடைசி மாதம் வெறும் 88. எவ்வளவு அழகான இறக்கம்!

நிதிச் சார்புகளைத் தவிர, விரிதாளின் ஒரு கலத்தில் இருப்பதைப் பற்றிச் சொல்லும் சார்புகளும் உண்டு. அவற்றில் எனக்குப் பிடித்தது, எக்செல் 2013இல் வந்த ‘ஐஸ்ஃபார்முலா’. தவணை அட்டவணையிலுள்ள எண் கணக்கில் விளைந்ததா, யாரோ கையால் பதிந்ததா என்பதை அது உடனே சொல்லிவிடும்.