வெளிநாட்டு ஓட்டல் முன்பதிவு: முதல் திரையில் தெரிவது விலை அல்ல

மார்ச் பிறந்ததும் மயிலாப்பூர், அடையாறு வீடுகளில் கோடை விடுமுறைப் பேச்சு தொடங்கிவிடும். சிங்கப்பூரா, கோலாலம்பூரா, பாங்காக்கா, கொழும்பா என்று முடிவானதும் அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஓட்டல் எந்த ஆப்பில் சீப்? இந்தக் கேள்விக்கு நிலையான விடை கிடையாது. ஒரே ஓட்டலின் ஒரே அறை இன்று அகோடாவில் குறைவாக இருக்கும், நாளை புக்கிங்.காமில் குறைந்துவிடும். அந்த இரண்டுக்கும் தாய் நிறுவனமும் ஒன்றே. 1996-இல் நெதர்லாந்தில் தொடங்கிய புக்கிங்.காமை அமெரிக்காவின் பிரைஸ்லைன் 2005-இல் வாங்கியது, அகோடாவை 2007-இல் வாங்கியது; இன்று அந்த நிறுவனத்தின் பெயர் புக்கிங் ஹோல்டிங்ஸ். மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் 2017-இல் இணைந்தவை. ஆக, இந்த நான்கையும் திறந்துவைத்து ஒப்பிடுகிறவர் உண்மையில் இரண்டு நிறுவனங்களைத்தான் ஒப்பிடுகிறார். அதனால் இந்த விமர்சனத்துக்கு வேறோர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறேன். நம் கணக்கிலிருந்து கடைசியில் போகப்போகும் மொத்தத் தொகையையும் அதன் நிபந்தனைகளையும் ஒரு செயலி எவ்வளவு சீக்கிரம் கண்ணில் காட்டுகிறது? பணம் மிச்சமாவதும் வீணாவதும் இங்கேதான்.

சிங்கப்பூர் செராங்கூன் சாலைப் பக்கம் ஓர் அறை தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டலின் அடிப்படைக் கட்டணம் இரவுக்கு 200 சிங்கப்பூர் டாலர். அந்த ஊர் ஓட்டல்கள் பலவற்றில் இதன்மேல் 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ் உண்டு. இரண்டும் சேர்ந்த தொகையின்மேல் ஜிஎஸ்டி 9 சதவீதம்; 2024 ஜனவரி முதல் இதுதான் அங்கே விகிதம். 200 டாலர் இப்போது 239.80 டாலர் ஆகிவிட்டது. கணக்கின் வசதிக்காக ஒரு டாலரை 70 ரூபாய் என்று கொண்டால், திரையில் 14,000 ரூபாய் என்று தெரிந்த அறை 16,786 ரூபாய். இதைச் சாதாரண இந்திய கிரெடிட் கார்டில் டாலராகக் கட்டினால் வங்கி வழக்கமாக 3.5 சதவீதம் மார்க்-அப் போடும், அந்த மார்க்-அப்புக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 4.13 சதவீதம். அறை 17,479 ரூபாயைத் தொட்டுவிடுகிறது. ஐந்து இரவுக்கு இரண்டு அறை எடுக்கும் குடும்பம் மனதில் போட்ட கணக்கு 1,40,000 ரூபாய். கட்டப்போவது ஏறத்தாழ 1,74,800. இடையில் விழுந்தது 34,800 ரூபாய். கூப்பன் தேடி, பேங்க் ஆஃபர் தேடி இரண்டாயிரம் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் இந்தத் தொகை கவனத்துக்கே வருவதில்லை. வரி சேர்க்காத தொகையைக் காட்டும் ஆப்பையும் எல்லாம் சேர்த்துக் காட்டும் ஆப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், உண்மையில் மலிவாக இருப்பதே விலை கூடியதாகத் தெரியும்.

இது கட்டாயம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பிரிட்டனின் போட்டி ஆணையம் 2019-இல் எக்ஸ்பீடியா, புக்கிங்.காம், அகோடா உள்ளிட்ட ஆறு தளங்களிடம் உறுதிமொழி வாங்கியது: கட்டாயக் கட்டணங்கள் அனைத்தும் முதலில் காட்டும் விலையிலேயே சேர்ந்திருக்க வேண்டும், கமிஷனைப் பொறுத்துப் பட்டியல் வரிசை மாறினால் சொல்ல வேண்டும், அவசரத்தைக் கிளப்பும் பொய்யான அறிவிப்பு கூடாது. அமெரிக்காவிலும் 2025 மே 12 முதல் தங்கும் விடுதிகள் மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி அமலில் இருக்கிறது. அதாவது லண்டன்காரருக்கு முழு விலை காட்டத் தெரிந்த அதே செயலி, தி. நகரில் இருந்து தேடுகிறவருக்கு வரியைச் சின்ன எழுத்தில் தனியே போடுகிறது. நம் நாட்டிலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30-இல் 13 வகை ஏமாற்று வடிவமைப்புகளைத் தடைசெய்யும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. விலையைத் துளித்துளியாக வெளிப்படுத்துவதும், பொய்யான அவசரத்தை உண்டாக்குவதும் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டவை. நெறி எழுதியாகிவிட்டது; அது திரையில் தெரிய வேண்டும். நடுத்தரக் குடும்பம் ஒரு வருஷம் சேர்த்துவைத்த பணத்தில் கைவைக்கும் விஷயம் இது.

தள்ளுபடி பற்றியும் சொல்லியாக வேண்டும். '60% குறைவு' என்று அடித்த விலையும் சிவப்பு எழுத்தும், உஸ்மான் சாலையின் ஆடித் தள்ளுபடிப் பலகையைப் போன்றவை: எந்த விலையிலிருந்து 60 சதவீதம் என்பதை யாரும் சொல்வதில்லை. அடித்த விலை அந்த அறையின் உச்சபட்ச விலையாக இருக்கலாம், வேறு தேதியின் விலையாகவும் இருக்கலாம். நடுநிலையாக ஒப்பிட்டுக் காட்டுவதாகச் சொல்லும் தளங்களையும் அப்படியே நம்ப முடியாது. டிரிவாகோ முன்னிறுத்திக் காட்டிய விலை, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பட்டியல்களில் மிகக் குறைந்த விலையாக இல்லை என்று ஆஸ்திரேலிய வழக்கில் வெளிப்பட்டது. 2020-இல் அந்த நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் அந்நிறுவனம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியதாகத் தீர்ப்பளித்தது, 2022-இல் 4.47 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அதனால் முதல் இடத்தில் வரும் அறையை, முதல் இடத்தில் வந்ததற்காகவே எடுக்க வேண்டாம்.

இந்த அளவுகோலில் தேடலுக்கு முதல் மதிப்பெண் கூகுளின் ஓட்டல் பக்கத்துக்குத்தான். காரணம், விலை காட்டும் முறையை 'தங்கும் காலம் முழுவதற்கும், வரியுடன்' என்று மாற்றிக்கொள்ள அதில் வழி இருக்கிறது. மாற்றியதுமே பட்டியலின் வரிசை குலைந்து, உண்மை நிலவரம் தெரிய ஆரம்பிக்கும். மேலே வருபவற்றில் விளம்பரங்களும் உண்டு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. தென்கிழக்கு ஆசியாவில் அகோடாவின் கை ஓங்கியிருப்பது நிஜம். ஆனால் இரவுக் கட்டணத்தை வரியில்லாமல் காட்டும் பழக்கம், கேஷ்பேக், தானாக ஒட்டிக்கொள்ளும் கூப்பன் எல்லாம் சேர்ந்து, மொத்தத் தொகையை அறியக் கூடுதல் உழைப்பைக் கேட்கின்றன. அமைப்புகளில் விலை காட்டும் முறையை முதலில் மாற்றிவிட்டுத்தான் அதில் தேட வேண்டும். புக்கிங்.காம் பட்டியலிலேயே எல்லா இரவுகளுக்கும் சேர்த்துக் காட்டுகிறது, வரியைப் பக்கத்தில் தனியாக எழுதுகிறது. ரத்து நிபந்தனையைத் தெளிவாகச் சொல்வதில் அதுதான் முன்னால் நிற்கிறது. மேக்மைட்ரிப்பில் வெளிநாட்டு ஓட்டல் விலை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தாலும் உடனே ஒதுக்க வேண்டாம். பணம் இந்தியாவிலேயே ரூபாயில் கட்டப்படுவதால் அந்த 4.13 சதவீதம் அங்கே கிடையாது. 4 சதவீதம் வரை விலை கூடியிருந்தாலும் சாதாரண கார்டு வைத்திருப்பவருக்கு அது நஷ்டமில்லை.

நாணய விஷயத்தில் இன்னொரு பொறி இருக்கிறது. தொகை ரூபாயில் தெரிந்தாலே உள்நாட்டுப் பரிவர்த்தனை என்று ஆகிவிடாது. வசூலிக்கும் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதாக இருந்தால், ரூபாயில் கட்டினாலும் சில வங்கிகள் தனிக் கட்டணம் போடுகின்றன. ஓட்டலில் நேரில் கட்டும்போது கார்டு மெஷின், 'ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா?' என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே அழுத்த வேண்டும். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதத்தை முடிவுசெய்வது அந்த மெஷினுக்குப் பின்னால் இருக்கும் நிறுவனம். அதில் அவர்களுடைய லாபமும் சேர்ந்திருக்கும். மார்க்-அப் இல்லாத கார்டுகள் இப்போது இந்தியாவிலேயே கிடைக்கின்றன. வெளிநாடு போகும் வீட்டில் அப்படி ஒரு கார்டு இருப்பது எந்தக் கூப்பனைவிடவும் பெரிய மிச்சம்.

செயலிகள் தேடலை இரண்டு பெரியவர்களிலிருந்து தொடங்குகின்றன. நம் குடும்பமோ தாத்தா, பாட்டி, இரண்டு குழந்தைகள் என்று ஆறு பேர். குழந்தையின் வயதைப் போடாமல் தேடினால் கிடைக்கும் விலை வேறு யாருக்கோ உரியது. ஓட்டலில் போய் நிற்கும்போது கூடுதல் கட்டிலுக்கு அவர்கள் சொல்வதுதான் கட்டணம். சிங்கப்பூரில் மிக மலிவாகத் தெரியும் அறைகளில் கணிசமானவை ஜன்னலே இல்லாதவை. அந்தத் தகவல் அறை விவரத்தின் உள்ளே ஒரு வரியாக இருக்கும். வயதானவர்களோடு போகிறவர்கள் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும். சமையலறையோடு வீடு எடுத்துவிடலாம் என்றால், சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவதே சட்டவிரோதம். உரிமம் பெற்ற சர்வீஸ் அபார்ட்மென்ட்தான் வழி. மலேசியாவில் வெளிநாட்டவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி. துபாயில் ஓட்டலின் தரத்தைப் பொறுத்து 7 முதல் 20 திர்ஹாம். இவை ஆப்பிலேயே வசூலாகிவிட்டனவா, ஓட்டல் கவுண்டரில் கட்ட வேண்டுமா என்பதை உறுதிச் சீட்டில் பார்த்துவிட வேண்டும்.

ரத்து செய்ய முடியாத அறை பொதுவாகக் கொஞ்சம் மலிவு. அதை எடுப்பதுதான் சிக்கனம் என்று பலர் வாதிடுவார்கள். சென்னையிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு இந்த வாதம் பொருந்தாது என்பது என் முடிவு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம் பல நாள் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயலிலும் மறுபடி மூடப்பட்டது. அரையாண்டு விடுமுறைப் பயணத்துக்கு முன்பணம் கட்டும் காலமும் புயல் காலமும் ஒன்றாகவே வருகின்றன. சிங்கப்பூருக்கு விசா வேறு வர வேண்டும். இலவசமாக ரத்து செய்யும் வசதிக்குத் தரும் கூடுதல் பணத்தைக் காப்பீட்டுச் செலவாகத்தான் பார்க்க வேண்டும். அதனால் லாபமும் உண்டு: முன்கூட்டியே பதிவுசெய்துவைத்து, பிறகு விலை இறங்கினால் அதே ஓட்டலில் புதிதாகப் போட்டுவிட்டு, பழையதை அப்போதே ரத்து செய்துவிடலாம். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கடைசி நேரத்தில் ஒன்றை விடுவது ஓட்டல்காரருக்குச் செய்யும் அநியாயம். அதைச் செய்யக் கூடாது. கெடு நேரம் ஓட்டல் இருக்கும் ஊரின் நேரம் என்பதையும் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் இரவு 11.59 என்றால் சென்னையில் 9.29-க்கே கதவு மூடிவிட்டது. முன்பே டாலரில் கட்டியிருந்தால், திரும்பி வரும் பணம் அன்றைய மாற்று விகிதத்தில்தான் வரும். மார்க்-அப் பெரும்பாலும் வராது. ஆகவே ரத்து செய்யக்கூடிய அறையை 'ஓட்டலில் கட்டுகிறேன்' என்ற முறையில் எடுப்பது நல்லது.

ஓட்டலிடமே நேரடியாகக் கேட்டால் என்ன? கேட்கத்தான் வேண்டும். ஆப்புக்குப் போகும் கமிஷன் பொதுவாக 15 சதவீதமும் அதற்கு மேலும் இருப்பதால், சிறிய ஓட்டல்களுக்கு விட்டுக்கொடுக்க இடம் உண்டு. வெளியே விலையைக் குறைக்கக் கூடாது என்று ஆப்புகள் ஓட்டல்களைக் கட்டிப்போடும் ஒப்பந்தங்களுக்கும் அடி விழுந்துவருகிறது. இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் இதையும் ஒரு காரணமாக வைத்து மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2024-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் புக்கிங்.காமின் அத்தகைய நிபந்தனைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. விலை குறையாவிட்டாலும் காலை உணவோ, தாமதமாக அறையைக் காலிசெய்யும் அனுமதியோ கிடைக்கலாம். நேரடியாகக் கட்டுவது பாதுகாப்பா என்று கேட்பவர்களின் அச்சம் நியாயமானது. ஆனால் ஆப்புக்குள்ளேயே, ஓட்டலின் கணக்கைத் திருடி விருந்தினருக்கு 'மறுபடி பணம் கட்டுங்கள்' என்று லிங்க் அனுப்பும் மோசடி பல நாடுகளில் நடந்திருக்கிறது. எந்த வழியில் பதிவுசெய்தாலும், செய்தியில் வரும் லிங்கில் பணம் கட்டவே கூடாது.

இத்தனை பாடு எதற்கு, தி. நகரில் தெரிந்த டிராவல் ஏஜென்ட் பார்த்துக்கொள்வாரே என்பது கடைசி ஆட்சேபம். இதில் உண்மை இருக்கிறது. ஏஜென்ட்டுகளுக்கு மொத்த வியாபாரிகளிடமிருந்து வரும் விலை, நம் கண்ணுக்குத் தெரியும் விலையைவிடக் குறைவாக இருப்பதுண்டு. பத்துப் பேராகப் போகும் குடும்பத்துக்கு, நடுராத்திரியில் போனை எடுக்கும் மனிதர் ஒருவர் இருப்பதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் பேக்கேஜாக வாங்கினால் 5 சதவீதம் ஜிஎஸ்டியும், அதற்கு மேல் டிசிஎஸ் என்ற முன்வரியும் உண்டு. 2023 அக்டோபரில் அந்த முன்வரி 7 லட்சம் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 20 சதவீதம் என்று இருந்தது; பிறகு வரம்பும் விகிதமும் மாறிவிட்டதால், கட்டும் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தப் பணம் வருமான வரிக் கணக்கில் திரும்பி வரும் என்றாலும் அதுவரை முடங்கிக்கிடக்கும். ஓட்டலை மட்டுமோ, விமான டிக்கெட்டை மட்டுமோ தனியாக வாங்கினால் அது பேக்கேஜ் ஆகாது என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே ஏஜென்ட்டிடம் போங்கள். ஆனால் ஓட்டலின் பெயர், அறையின் வகை, ரத்து நிபந்தனை, வரிகள் சேர்ந்த தொகை ஆகியவற்றைத் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தந்தால், கூகுளில் வரியோடு பார்த்த தொகையின் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். தரமாட்டேன் என்றால் அடுத்த ஏஜென்ட்டைப் பார்க்கலாம்.