பெல்மட் சீலை: கேகாலை வீட்டு யன்னலுக்குத் தெரிவும் அளவும்

யன்னலின் தலைப்பில், திரைச்சீலைக் கம்பியையும் வளையங்களையும் மறைத்துக் குறுக்காகத் தொங்கும் குட்டைச் சீலையே துணி பெல்மட். வெயிலைத் தடுப்பதும் வெளிக்கண்ணை மறைப்பதும் திரைச்சீலையின் வேலை. பெல்மட்டுக்கு அத்தகைய பொறுப்பு எதுவும் இல்லை. கம்பியை மறைத்துவிட்டால் அதன் கடமை தீர்ந்தது, மிச்சமெல்லாம் அழகுக்காக. அதனால்தான் அதன் அளவுக்கு இத்தனை கண்டிப்பு. நீண்ட திரைச்சீலை அரை அங்குலம் கோணினால் மடிப்பில் மறைந்துவிடும். பெல்மட் கோணினால் அறைக்குள் நுழைபவர் முதலில் காண்பது அந்தக் கோணலைத்தான்.

ஐரோப்பாவில் இது முதலில் கட்டிலுக்கு உரியதாக இருந்தது. நான்கு கால் கட்டிலின் விதானத்தைச் சுற்றித் தொங்கிய குறுஞ்சீலை பிற்பாடு யன்னலுக்கு ஏறியது. அந்தக் கட்டில்களை அலங்கரித்த துணிகளில் பெரிதும் விரும்பப்பட்டது சோழமண்டலக் கரையில் கையால் எழுதிச் சாயமேற்றிய பருத்திச் சீட்டி. அதன் மோகம் உள்ளூர் நெசவைக் கெடுக்கிறதென்று பிரான்ஸ் 1686இலும் இங்கிலாந்து 1700இலும் தடைச் சட்டம் போட்டன. லண்டன் நடிகர் டேவிட் கரிக் தம்பதியருக்குக் கல்கத்தாவிலிருந்து பரிசாக வந்த மசூலிப்பட்டினத்துக் கட்டில் சீலைகளை 1775இல் சுங்கத்தார் பறித்துக்கொண்டார்கள். அந்தக் கட்டில் இன்று விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிறகு இங்கிலாந்தின் ஆலைகள் அதே பூக்கொடிகளை அச்சில் போடக் கற்றுக்கொண்டன. பாக்கு நீரிணைக்கு அக்கரையில் பிறந்த வேலைப்பாடு, சீமைச் சீட்டி என்ற பெயரில் இலங்கைத் தோட்டத்துரைமாரின் பங்களா யன்னல்களுக்கு வந்து சேர்ந்தது இப்படிச் சுற்றித்தான்.

விக்டோரியா காலத்துப் பெல்மட்டுகள் குஞ்சமும் வளைவும் அடுக்கடுக்கான மடிப்புமாகப் பெருத்துப் போயிருந்தன. சார்ள்ஸ் ஈஸ்ட்லேக் 1868இல் வெளியிட்ட வீட்டலங்கார நூலில் இந்த ஆடம்பரத்தைச் சாடி, எளிய உலோகக் கம்பியும் வளையமுமே போதும் என்று வாதிட்டார். மழைநாட்டில் வாழ்பவர்கள் அவர் பக்கமே சாய வேண்டும். ஈரம் கோத்த குஞ்சத்தைப் போல அவலட்சணமான பொருள் வீட்டில் வேறில்லை.

தமிழ்க் கண்ணுக்கு இந்த வடிவம் புதிதல்ல. தஞ்சைப் பகுதியில் வெட்டித் தைத்த துணி வேலைப்பாட்டில் உருவாகும் தொம்பைகளும் விதானங்களும், தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் தேரின் மேல்தட்டைச் சுற்றி ஆடும் சுருக்குச் சீலையும், கல்யாண வீட்டில் வண்ணார் கட்டும் வெள்ளையும் அதே இனம். கட்டுமானத்தின் விளிம்பை மென்மையாக்குவது இவை எல்லாவற்றுக்கும் பொது.

கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்களில் யன்னல் என்பதே எல்லோருக்கும் வாய்த்த ஒன்றல்ல. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவுக்குப் பெரும்பாலும் வாசலே யன்னல். அலங்காரமெல்லாம் இஸ்தோப்பிலிருந்து உள்ளே போகும் வாசலில் தொங்கிய சுருக்கு வைத்த சீலைக்குத்தான். அண்மைக் காலத்து வீட்டுத் திட்டங்கள் 7 பேர்ச் நிலத்தில் 550 சதுர அடித் தனி வீடுகளைக் கொண்டுவந்தபோது, சட்டம் போட்ட, கதவு வைத்த யன்னல்களும் கூடவே வந்தன. ஆடைத் தொழிற்சாலையில் ஜூக்கி மெஷினில் பழகிய கை பல வீடுகளில் இருப்பதால், பெல்மட் தைக்க நகரத்துத் தையல்காரரைத் தேடிப்போக வேண்டிய அவசியமும் குறைந்துவிட்டது. குறைவாகத் தெரிந்திருப்பது தைக்கும் முன் செய்ய வேண்டிய தெரிவும் அளவுந்தான்.

துணியைக் கடை வெளிச்சத்தில் தெரிவு செய்வது முதற்பிழை. யட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய, றுவான்வெல்ல பக்கத்து வீடொன்றின் யன்னலுக்குள் நுழையும் வெளிச்சம் இறப்பர் இலைகளில் வடிந்து வருவது. ஆண்டின் பெரும்பகுதியில் அது பச்சை தோய்ந்த வெளிச்சம். அதில் சாம்பல் நிறம் அழுக்காகத் தோன்றும், வெளிர் ஊதா செத்துப்போகும். பச்சைத் துணியோ வெளியே நிற்கும் பச்சையோடு போட்டிபோட்டுத் தோற்கும். செங்காவி, மஞ்சள் கலந்த வெள்ளை, அவுரி நீலம் ஆகியவை நிற்கும். தை, மாசியில் இறப்பர் இலையுதிர்த்து நிற்கும் சில வாரங்களில் வெளிச்சம் வெள்ளையாகக் கொட்டும். கடையில் அடக்கமாகத் தெரிந்த சிவப்பு அப்போது கூச்சலிடக்கூடும். ஒரு முழத் துண்டை வாங்கி யன்னல் தலைப்பில் குத்தி, காலையும் மாலையும் பார்த்த பிறகே மிச்சத்தை வாங்குவது விவேகம். துண்டை மேசைமேல் விரித்துப் பார்ப்பதில் பயனில்லை. பெல்மட்டின் பின்னாலிருந்து வெளிச்சம் வரும். மேசைத் துணியின்மேல் அது முன்னாலிருந்து விழும்.

அடுத்தது ஈரம். தென்மேற்குப் பருவமழை வைகாசி முதல் புரட்டாதி வரை. அதற்கு முன்னும் பின்னும் பின்னேரத்து இடிமழை. இப்படிப்பட்ட காற்றில் கனத்த வெல்வெட்டும் தடித்த லைனிங்கும் பூஞ்சணத்துக்கு வீடு கட்டிக்கொடுப்பவை. ரேயோன் அழகாக விழும், ஆனால் ஈரத்தில் பலமிழந்து நீளும். மூன்றாம் மாதத்தில் விளிம்பு அலையும். பட்டு வெயிலில் இற்றுப்போகும். பொலியெஸ்டர் பூஞ்சணத்துக்கு எளிதில் இடங்கொடாது, சுருங்காது. ஆயினும் தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும், மடிப்பில் ஒருவித விறைப்பு இருக்கும். நடுத்தரக் கனமுள்ள பருத்தியோ பருத்தி கலந்த நெசவோ இந்த ஊருக்குப் பொருந்தும். பருத்தியை வெட்டுமுன் ஒரு தரம் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே அரை அங்குலம் ஏறிக்கொண்டு, மறைத்த கம்பியைக் காட்டிக்கொடுக்கும்.

இலங்கைக் கைத்தறிக்கு இங்கே தனியிடம் உண்டு. பார்பரா சன்சோனி 1964இல் தொடங்கிய பெயார்ஃபுட், பளிச்சென்ற நிறங்களைப் பட்டை பட்டையாக அடுக்கும் துணிவை இந்நாட்டு நெசவுக்குக் கொடுத்தது. ஜெப்ரி பாவா கட்டிய பென்தோட்டை பீச் ஹோட்டலின் உட்கூரைக்கு ஈனா த சில்வா செய்த பத்திக் சீலைகள், துணியும் கட்டடத்தின் ஓர் உறுப்பாகலாம் என்று காட்டின. பட்டைத் துணியில் பெல்மட் செய்யும்போது பட்டை நெடுக்காக ஓடினால் தாழ்ந்த கூரை சற்று உயர்ந்தாற்போல் தோன்றும். குறுக்காக ஓடினால் ஒடுங்கிய யன்னல் அகலும். இரண்டையும் ஒரே அறையில் கலப்பது வேண்டாத வேலை.

இனி அளவு. உலோக அளவுநாடாவே உகந்தது. தையல் நாடா நாளடைவில் நீண்டுவிடும். சட்டத்துக்குள் அடங்கும் பெல்மட் என்றால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்றிடத்தில் எடுத்து மிகக் குறைந்ததைக் கொள்ள வேண்டும். பூச்சுச் சுவர்கள் நேராக இருப்பது அரிது. தோட்ட வீடுகளில் பெரும்பாலும் பொருந்துவது சட்டத்துக்கு வெளியே, சுவரில் பலகை அடித்துத் தொங்கவிடுவதே. அதற்கு இரு பக்கமும் மூன்றங்குலம் கூட்டுவது வழக்கம். சட்டம் 48 அங்குலம் என்றால் பலகை 54. பலகை சுவரிலிருந்து முன்னே தள்ளி நிற்கும் அளவு, கீழே ஒற்றைத் திரைச்சீலை ஓடுமானால் ஐந்து அங்குலம். இந்தப் பக்கத் திருப்பத்தையும் துணி மூட வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்தால் மொத்தம் 64. அவசரத்தில் அளப்பவர்கள் மறப்பது இந்தப் பத்து அங்குலத்தைத்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் பலகையின் வெறுங்கட்டை தெரியும் பெல்மட்டுகள் பல வீடுகளில் இதற்குச் சாட்சி.

யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரம் இருந்தால் கணக்கு மாறும். சீலிங் இல்லாத வீட்டில் சூடான காற்று வெளியேறும் வழி அது. அதை மூடிப் பெல்மட் போடுவது அழகுக்காக மூச்சைக் கொடுப்பது. துவாரத்துக்குக் கீழே, சட்டத்தை ஒட்டியே பலகையை அடிக்க வேண்டும். உயரம் போதாமல் போனால் பெல்மட்டே வேண்டாம் என்று விடுவதும் ரசனைதான்.

உயரத்துக்கு மரபில் ஒரு விகிதம் உண்டு: பலகையிலிருந்து திரைச்சீலையின் அடிவரை உள்ள நீளத்தில் ஐந்திலொன்றிலிருந்து ஆறிலொன்று வரை. தரையிலிருந்து பலகை 88 அங்குலத்தில் இருந்து, திரைச்சீலை தரையைத் தொடுமானால் பெல்மட் பதினைந்து முதல் பதினேழரை வரை கொள்ளும். அதே யன்னலில் திரைச்சீலை யன்னலின் அடிக்கட்டைக்குச் சற்றுக் கீழே, பலகையிலிருந்து 58 அங்குலத்தில் முடிந்தால் பத்து முதல் பதினொன்றரை. சிறிய வீட்டுக்குப் பன்னிரண்டைத் தாண்டாதிருப்பது நல்லது. பலகை சட்டத்துக்கு மேலே நான்கு அங்குலத்தில் நின்றால், பன்னிரண்டங்குலப் பெல்மட் யன்னலில் எட்டங்குலத்தைத் தின்னும். நாலடி யன்னலில் அது ஆறிலொரு பங்கு. மழைக்காலத்து மூன்று மணிக்கே விளக்குப் போடும் வீட்டில் அதற்குமேல் வெளிச்சத்தை இழக்க முடியாது.

சுருக்கு வைத்த பெல்மட்டுக்கு அகலத்தைப்போல இரண்டரை மடங்கு துணி என்பது பொது விதி. 64இன் இரண்டரை மடங்கு 160. ஓர மடிப்புக்கு ஆறு சேர்த்து 166. துணியின் அகலம் 54 என்றால், மூட்டுக்கு ஒன்று கழித்து 53. மூன்று பன்னம், அதாவது மூன்று முழு அகலத் துண்டு, போட்டால் 159, ஏழங்குலம் போதாது. விதியைப் பிடித்துக்கொண்டு நான்காவது பன்னம் வாங்குபவர் உண்டு. மூன்றோடு நிறுத்தினாலும் சுருக்கு 2.4 மடங்கு வரும். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. நீளத்துக்குப் பன்னிரண்டோடு மேலே இரண்டும், அடியில் இரட்டை மடிப்புக்கு நான்கும் சேர்த்து 18. மூன்று பன்னத்துக்கு 54 அங்குலம், சரியாக ஒன்றரை யார். பூ 24 அங்குலத்துக்கு ஒருமுறை திரும்பும் அச்சுத் துணியானால் ஒவ்வொரு பன்னத்தையும் 24ஆக வெட்ட வேண்டும். அப்போது இரண்டு யார். மூட்டுத் தையல் நடுவில் விழவே கூடாது. முழுப் பன்னம் நடுவிலும் மற்றவை இரு பக்கமுமாக வைக்க வேண்டும்.

பூவில்லாத துணியைப் படுக்கையாக வெட்டுவது அதைவிட நேர்த்தி. நீளப்போக்கில் 166 அங்குலம், அதாவது 4.2 மீற்றர் வாங்கினால், 54 அங்குல அகலத்தில் 18 அங்குலப் பட்டிகள் மூன்று கிடைக்கும். மூன்று யன்னல்களுக்கு மூட்டே இல்லாத மூன்று பெல்மட். ஆனால் கரை ஓரத்தைக் கழித்துவிட்டால் அரை அங்குலம் இடிக்கும். அடிமடிப்பைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த வழியை ஏற்கெனவே நெய்து வைத்திருப்பது பருத்திச் சேலை. அதன் கரை நீளப்போக்கில் ஓடுவதால், அப்படியே பெல்மட்டின் அடிவிளிம்பாகிவிடும், அடிமடிப்பே தேவையில்லை. ஐந்தரை மீற்றர்ச் சேலை 216 அங்குலம்; ஒரு யன்னலுக்கு 166 போக, முந்தானைப் பக்கம் 50 மிஞ்சும். இரு கரையிலிருந்தும் 14 அங்குலப் பட்டி ஒவ்வொன்று எடுத்தால் ஒரு சேலையில் இரண்டு யன்னல் முடிந்துவிடும். நடு உடல் திரைச்சீலையைக் கட்டும் நாடாவுக்கு ஆகும். வாங்குமுன் இரு கரையும் ஒரே அகலமா என்று பார்த்துக்கொள்வது அவசியம். கரை நான்கு அங்குலத்துக்கு மேற்பட்டால் பன்னிரண்டங்குலப் பெல்மட்டை அது விழுங்கிவிடும். கண்டாங்கிச் சேலையின் பெருங்கரை பங்களா யன்னலுக்கே பொருந்தும்.

சுருக்குக்குப் பதில் பெட்டி மடிப்பு வேண்டுமானால் துணி மூன்று மடங்கு போகும், அளவும் கறாராகும். 54 அங்குல முகப்பை ஆறாறாகப் பிரித்தால் ஒன்பது முகம். மடிப்பின் பிளவுகள் பலகையின் இரு மூலையிலும் சரியாக விழ, துணி அங்கே இழுபடாமல் திரும்பும். மூன்று கதவு யன்னலுக்கு இது ஏறக்குறையப் பொருந்தும்: கதவுக்கு மூன்று முகம். இரண்டு கதவு யன்னலின் நடுவிலே சட்டக்கால் நிற்பதால், முகம் இரட்டைப்படையாக எட்டு இருந்து, பிளவு அந்தக் காலுக்கு நேரே விழ வேண்டும். ஒரு முகம் ஆறேமுக்கால் அங்குலம். யன்னலின் மரவேலையும் துணியின் மடிப்பும் ஒரே கோட்டில் வந்துவிட்டால், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே கண் இளைப்பாறும். வளைவு வளைவாக வெட்டிய அடிவிளிம்புக்கும் இதே நியாயம் செல்லும்.

பலகைக்கு இறப்பர் மரம் கைக்கெட்டிய பொருள். முப்பது ஆண்டளவில் பால் வற்றி வெட்டப்படும் மரம் வெளிறிய, இழைப்புக்கு இணங்கும் பலகை தரும். ஆனால் போரன் உப்பில் பதப்படுத்தாத பலகை சீக்கிரம் உளுத்து, நீலம் பாரித்துவிடும். அதன் கறை துணிக்கும் இறங்கும். பதப்படுத்தியது கிடைக்காவிட்டால் பலாப் பலகை நம்பகமானது. மூன்றடிக்கு ஓர் இரும்புத் தாங்கி வேண்டும். நீர்மட்டம் வைத்துத்தான் பலகையைப் பொருத்த வேண்டும். கூரையோ சட்டமோ சற்றுச் சாய்ந்திருந்தால் மட்டும், கண்ணுக்கு அருகிலுள்ள சட்டத்தின் கோட்டைப் பின்பற்றுவது மேல்.

துணியைப் பலகையில் ஆணியடித்து நிறுத்துவதைவிட வெல்க்ரோ நாடாவில் ஒட்டுவது இந்த ஊருக்கு உகந்தது. பலகையின் மேற்புறத்தில் பல்லி முட்டையிடும், குளவி மண்கூடு கட்டும். மழைக்காலம் முடிந்ததும் சீலையைக் கழற்றி, பலகையைத் துடைத்து, துவைத்த சீலையைத் தை மாதத்து வெயிலில் நிழலோரமாக உலர்த்தலாம். முழுதும் காயுமுன்னரே, இலேசான ஈரத்தோடு மடிப்புகளைக் குண்டூசியால் பிடித்துப் பலகையில் ஏற்றிவிட்டால் இஸ்திரி இல்லாமலே மடிப்பு நிற்கும். மறுநாள் ஊசிகளை எடுத்துவிடலாம்.