கடல் கடந்த தொண்டரும் கதை எழுதினோரும்

தொண்டு செய்யப் பிறநாடு சென்ற வாலிபரைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டே ராகங்களில் பாடுவர். ஒன்று புகழ்ப்பாட்டு, மற்றொன்று ஒப்பாரி. சென்றவர் எதைக் கற்றார், திரும்பியவரை ஊர் எவ்வாறு ஏற்றது, அவர் கற்றது பிறருக்கு எங்ஙனம் பயன்பட்டது என்னும் மூன்று கேள்விகளைக் கேட்போர் அரியர். இம்மூன்றையும் உரைகல்லாகக் கொண்டு, 1943 முதல் 1945 வரை மலாயாவிலிருந்து இந்திய தேசிய ராணுவத்திலும் ஜான்சி ராணிப் படையிலும் சேர்ந்த நம் இளைஞரைக் குறித்த எழுத்துக்களைச் சிறிது ஆராய்வோம்.

முதலில் ப. சிங்காரம் எழுதி 1959இல் வெளிவந்த ‘கடலுக்கு அப்பால்’. ஆசிரியர் மெடான் நகரில் வட்டிக்கடையில் வேலை பார்த்து, யுத்தம் முடிந்தபின் 1946இல் தாயகம் திரும்பியவர். ஆகவே கிட்டங்கியின் கணக்கும் வழக்கும் பேச்சும் அவருக்குக் கைவந்தவை. கதை பினாங்கில் நடப்பது. கடையில் வேலை பார்த்த செல்லையா ராணுவத்தில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தித் திரும்புகிறான். முதலாளியின் மகள் மரகதம் அவனை நேசிக்கிறாள். பட்டாளத்துக்குப் போய் வந்தவன் தொழிலுக்கு ஆகான் என்று முதலாளி முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்.

இந்நாவலின் பெருமை இங்கேதான் இருக்கிறது. வழியனுப்பும்போது மாலையிட்டு ஜே கோஷம் போட்ட சமூகம், திரும்பி வருகையில் கதவைச் சாத்துகிறது. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவன் வட்டிக் கணக்குக்கும் மாப்பிள்ளைத்தனத்துக்கும் உதவாதவனாகி விடுகிறான்! சிங்காரம் இதனை மேடைப் பிரசங்கமாக்கவில்லை. முதலாளியைக் கொடியவராகவும் தீட்டவில்லை. அவர் தம் தொழிலின் நியாயத்தைப் பேசுகிறார். அந்த நியாயமே செல்லையாவை நசுக்குகிறது. நமது இரண்டாவது கேள்விக்குத் தமிழில் இதனினும் நேர்மையான விடை கிடைத்திலது.

நிற்க. குறையையும் கூறுதல் விமர்சகன் கடமை. மரகதம் வீட்டுக்குள்ளேயே இருந்து கண்ணீர் வடிப்பவள். கதை நிகழ்வதற்குச் சற்று முன்னரோ, அவள் வயதொத்த பெண்கள் இதே மலாயாவில் பட்டாள உடை தரித்து நின்றார்கள். டாக்டர் லட்சுமி தலைமையில் 1943 அக்டோபர் 22இல் சிங்கப்பூரில் அவர்களுடைய பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கோலாலம்பூர் ஜானகி தேவர் பதினெட்டு வயதில் சேர்ந்தார். ஈப்போ ராசம்மா தம் தமக்கையுடன் சேர்ந்தார். ரங்கூனிலிருந்து பின்வாங்கிய வழியில், இவர்களிற் சிலர் ஏறிச் சென்ற ரயில் தாக்கப்பட்டு ஸ்டெல்லா, ஜோசபின் என்னும் இருவர் மாண்டனர். இத்தகைய பெண்கள் வாழ்ந்த ஊரில், கதாநாயகிக்கு அழுகையைத் தவிர வேறு தொழில் இல்லாமற் போனதென்ன? பெண்ணை அகத்துக்குள்ளேயே வைத்துக் காணும் பழைய கண்ணாடியை ஆசிரியர் கழற்றவில்லை என்றே சொல்ல வேண்டும்.

பெண்களின் கதை எழுதப்படாமல் இல்லை. லட்சுமியின் நினைவுக் குறிப்பு, ராசம்மாவின் சரித்திரம், ஜாய்ஸ் லெப்ரா, வேரா ஹில்டபிராண்ட் ஆகியோரின் ஆராய்ச்சி நூல்கள் யாவும் உள. எல்லாம் ஆங்கிலத்தில்! ஆங்கிலப் பள்ளியில் பயின்ற எம்போன்ற கிராணிமார் படித்து மகிழலாம்; எவர் லயங்களிலிருந்து அப்பெண்கள் புறப்பட்டனரோ அவர்களுக்கு அவை பூட்டிய பெட்டி. அன்றியும், அவற்றில் முகமும் பேச்சும் பெற்றுத் துலங்குவோர் பெரும்பாலும் படித்த குடும்பத்தார். தோட்டத்துப் பெண்கள் கூட்டமாக வந்து கூட்டமாக மறைகிறார்கள். படையினர் ஆயிரம் பேர் என்பாரும் உளர். அதிற் பாதியும் தேறாது என்பாரும் உளர். மரம் வெட்டியவள் கொணர்ந்த பாலை நாள்தோறும் நிறுத்துச் செக்ரோலில் பதித்த உலகம், அவள் துப்பாக்கி எடுத்தபோது தலைகளை எண்ணி வைக்கவில்லை.

அவர்கள் விரும்பித்தான் சேர்ந்தனரா என்று சிலர் வினவுவர். சயாம் மரண ரயில் பாதையின் இரு முனைகளும் இணைந்தது 1943 அக்டோபர் 17. முகாம் திறந்தது அதற்கு ஐந்தாம் நாள். அப்பாதையில் நம்மவர் ஆயிரமாயிரவராக மாண்டனர். அதற்குப் பிடித்துச் செல்லப்படுவதிலும் படையில் சேர்வது மேல் என்று எண்ணிய தோட்டத்து வாலிபர் பலர். இதனைக் கொண்டு ‘இது அச்சம், தொண்டன்று’ என்பார் கூற்றை யாம் ஒப்போம். இரண்டு வழிகளே திறந்திருந்தபோது, தலைநிமிர்ந்து நடக்கும் வழியைத் தேர்ந்தவனும் தேர்ந்தவனே. முழுதும் தேசபக்தியே என்று பூசி மெழுகுவதும் பொய். அ. ரெங்கசாமியின் ‘இமையத் தியாகம்’ இப்படையின் கதையைத் தமிழில் கூறுகிறது, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ பாதையின் கதையைக் கூறுகிறது. ஒரே லயத்தில் அண்ணன் பாதைக்கும் தங்கை படைக்கும் சென்ற அவ்விரட்டைக் கதையை ஒருசேரக் கூறும் நூலே நமக்கு வேண்டுவது.

மூன்றாவது கேள்வி மிகப் பெரிது. முகாமில் ஒரே அடுக்களை. ஜாதியும் மதமும் பாராது ஒரே பந்தி. பிரட்டுக்களத்தில் தலைகுனிந்து நின்றவன் அங்கே அணிவகுத்து நின்றான். இந்தப் பாடம் வீணாகவில்லை. பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள கெடா மாநிலத்தில், பீடோங்கை அடுத்த ஹார்வர்ட் தோட்டத்தில், 1946–47இல் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடைகளை மறித்தது, கூலிக்கும் கௌரவத்துக்கும் போராடியது, போலீசின் தாக்குதலுக்கும் ஆளாயிற்று. தேசிய ராணுவத்தில் கற்ற அணிவகுப்பும் கட்டுப்பாடும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த வகை இது. பர்மா எல்லையில் தோற்ற படை, கள்ளுக்கடை வாசலில் வெற்றி கண்டது என்றால் மிகையன்று. செல்லையா சென்றிருக்க வேண்டிய இடமும் இதுவே. சிங்காரம் அவனைக் கிட்டங்கித் தெருவோடு நிறுத்திவிட்டார்.

இன்றும் நம் பிள்ளைகள் வெள்ளத்துக்கும் பூகம்பத்துக்கும் உதவப் பிறநாடு செல்கின்றனர்; படம் பிடித்து வருகின்றனர். அவர்களுக்கும் இதே உரைகல்தான்: அங்கே கற்றதை எந்தத் தோட்டத்து வாசலில் இறக்கினீர்?

1943இல் பதினாறு வயதினராயிருந்தோர் இன்று தொண்ணூற்றைந்தையும் கடந்தவர். எஞ்சியவர் மிகச் சிலர். அவர்தம் மக்களேனும் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை நோக்கித் தோட்டங்களிலிருந்தும் பட்டணத்திலிருந்தும் வந்து குவிவோருள் அவர்கள் பேரப்பிள்ளைகள் எத்தனை பேரோ! காவடிக்கும் தண்ணீர்ப் பந்தலுக்கும் செலவிடும் பொருளில் ஒரு சிறு பங்கை ஒதுக்கி, பாட்டி எந்த லயத்திலிருந்து புறப்பட்டாள், எப்போது திரும்பினாள், திரும்பியபின் என்ன செய்தாள் என்று கேட்டுத் தமிழில் எழுதி அச்சிடுதல் இயலாத காரியமா? பெயரின்றிப் போனவர்க்கு மலர்மாலை எதற்கு? முதலில் பெயரைக் கொடுப்போம்.