ரோஜாத் தோட்டத்துக்குத் தண்ணி ஊத்துனது யாரு?

எங்க தேனிப் பக்கம் பாரதிராஜான்னா அல்லிநகரம், இளையராஜான்னா பண்ணைப்புரம். ரெண்டு பேரும் சேர்ந்த 'சிகப்பு ரோஜாக்கள்' (1978) பத்திப் பேச ஊர்ப் பெருமை மட்டும் பத்தாது. '16 வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' முடித்த கையோடு பாரதிராஜா எடுத்த மூன்றாவது படம் இது. வயக்காட்டை விட்டு ஒரு பங்களாவுக்குள் போகிறார். உள்ளே திலீப்பாக கமல்ஹாசன்: அழகன், பணக்காரன், பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைப்பவன்.

ஏன் கொல்கிறான்? படம் ஃப்ளாஷ்பேக்கில் பதில் சொல்கிறது. அநாதைச் சிறுவன். வேலைக்குப் போன வீட்டில் ஒரு பெண் அவன் மேல் வீண்பழி போடுகிறாள். அடி வாங்கி வெளியேறுகிறான். அடுத்த வீட்டில், கணவனுக்குத் துரோகம் செய்யும் மனைவியைப் பார்க்கிறான். அவ்வளவுதான், சைக்கோ ரெடி!

உளவியல் இவ்வளவு அவசரப்படுவதில்லை. 1941ல் ஹெர்வி கிளெக்லி வரைந்த சைக்கோபாத், புத்தி பேதலித்தவன் அல்ல. வெளியே இயல்பும் வசீகரமும், உள்ளே குற்றவுணர்வே இல்லாத வறட்சி. திலீப்பின் முதல் பாதிக்கு அப்படியே பொருந்துகிறது. அதே ஆண்டு பெஞ்சமின் கார்ப்மன், இயல்பிலேயே அப்படி இருப்பவர்களையும், மனக்காயத்தால் அப்படி நடந்துகொள்பவர்களையும் பிரித்துப் பார்க்கச் சொன்னார். ஆக, காயத்துக்கும் இதுக்கும் தொடர்பே இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனால் அது நேர்கோடு இல்லை. சிறுவயதில் வதைபட்டவர்களின் பிற்கால வாழ்க்கையைக் குற்றப் பதிவுகளில் தேடிப் பார்த்த கேத்தி விடம், 1989ல் சொன்னது இது: ஆபத்து கூடுகிறது, ஆனாலும் பெரும்பாலானோர் வன்முறைக் குற்றத்தில் கைதானதே இல்லை.

அப்படின்னா அந்தப் பையனைக் கொலைகாரன் ஆக்குனது எது? படத்துக்குள்ளேயே பதில் இருக்கு, நாமதான் கவனிக்கிறதில்ல. துரோகம் செய்த மனைவியைக் கணவன் குத்திக் கொல்கிறான். பையன் அதை ஆமோதிக்கிறான். உடனே அவனைத் தத்தெடுக்கிறான் அந்தக் கணவன். பிறகு திலீப் செய்யும் கொலைகளைப் படமாகப் பார்த்து ரசிப்பவனும் அவனே. பழி போட்ட பெண் தந்தது காயம். வீடும் பேரும் கைதட்டலும் தந்தது ஒரு ஆண்.

இந்த இடத்தைப் படம் கண்டுபிடித்துவிட்டு, கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகிறது. அதுதான் என் வருத்தம். முடிவில் சிறையில் நினைவு சிதைந்து, சாரதாவின் பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் திலீப்புக்காக நம் மனம் இளகுகிறது. புதைக்கப்பட்டவர்களில் ஒருத்திக்கும் ஃப்ளாஷ்பேக் கிடையாது.

நாற்பது வருஷம் கழிச்சும் இந்த வாய்ப்பாடு ஓடுது. 'ராட்சசன்' (2018) படத்தில் பள்ளியில் மறுத்த ஒரு சிறுமி, 'சைக்கோ' (2020) படத்தில் தண்டித்த ஒரு ஆசிரியை. கதைகள் வேறு, ஆணிவேரில் மட்டும் எப்பவும் ஒரு பொண்ணு.

இது சினிமாவோட நிக்கிறதில்ல. "பொண்ணு ஏமாத்திட்டா, பய சைக்கோ ஆயிட்டான்"னு டீக்கடையில் சாதாரணமா சொல்றோம். அந்த ஒரு வரியில் ரெண்டு பேருக்கு அநியாயம் நடக்கிறது. செத்தவள் குற்றவாளி ஆகிறாள். அதே அடியை வாங்கி, யாரையும் அடிக்காமல், சத்தமில்லாமல் வாழ்ந்துகொண்டிருக்கும் ஆயிரம் பேர் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிறார்கள்.

இளையராஜாவின் பின்னணி இசைக்காகவே 'சிகப்பு ரோஜாக்கள்' திரும்பவும் பாருங்க. பார்க்கும்போது திலீப்பை விட்டுட்டு, அவன் வளர்ப்பு அப்பன் முகத்தைக் கவனிங்க.